கிதார் எங்கே போயிற்று?

வணக்கம். ஆன், நான்சி வில்சன் சகோதரிகளின் அமெரிக்க ராக் குழுவான 'ஹார்ட்'டை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். 1985-க்குப் பிறகு வெளியாட்கள் எழுதிய பாட்டுகளைப் பாடிப் பணத்துக்கு விலைபோய்விட்டார்கள், அதையெல்லாம் தொடவே வேண்டாம் என்கிறான் நண்பன். அப்படித்தானா? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?
கதிர்

அன்புள்ள கதிர்,

அவர்களின் முதல் ஆல்பமான 'ட்ரீம்போட் ஆனி'யில் தொடங்குங்கள். நண்பர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் விற்பனை சரிந்தது. கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறினார்கள், பிறர் பாட்டுகளைப் பாடினார்கள், 1985 ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. பிழைக்க வழி தேடியவர்களை நிற்க வைத்து விசாரிக்க நாம் யார்? அடுத்தவர் எழுதியதைப் பாடினால் பாட்டு பொய்யாகிவிடும் என்று, சினிமாப் பாட்டில் வளர்ந்த தமிழர் ஒருவர் சொல்வதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதை நீங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

விடுதியில் என் அறைத்தோழன் கிதார் வாசிப்பான். 'ட்ரீம்போட் ஆனி'யில் வரும் 'கிரேசி ஆன் யூ'வின் முகப்பில் நான்சி தனியாக வாசிக்கும் அக்கூஸ்டிக் கிதாரை, அதாவது மின்சாரம் இல்லாத மரக் கிதாரை, விரல்நுனி தடித்துப்போகும் வரை பழகினான். வலது கை ஓயாது, இடது கை ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு 1985 ஆல்பத்தில் உள்ள 'தீஸ் ட்ரீம்ஸ்' பாட்டின் கேசட் கிடைத்தது. ஆசையாக கிதாரை எடுத்து உட்கார்ந்தான். ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டை, பிடித்தான், காத்திருந்தான், அடுத்ததைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் கிதாரைக் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சும்மா கேட்டான்.

மார்ட்டின் பேஜ் மெட்டும் பெர்னி டாப்பின் வரிகளும் சேர்ந்த அந்தப் பாட்டு கீபோர்டில் மிதப்பது. 1986-ல் அதுதான் ஹார்ட்டின் முதல் நம்பர் ஒன். வழக்கமாக முன்னின்று பாடுபவர் ஆன்; இதைப் பாடியவர் நான்சி, ஜலதோஷத்தில் கரகரத்த குரலோடு. அழகான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவின் கிதார்க்காரி முன்னே வந்து நின்றபோது கிதார் பின்னே போய்விட்டது! 1987-ல் முதலிடம் பிடித்த 'அலோன்' பில்லி ஸ்டைன்பெர்கும் டாம் கெல்லியும் எழுதியது. அதுவும் கீபோர்டில்தான் தொடங்குகிறது.

வாசிப்பவரே போடும் மெட்டில் அவர் கையின் பழக்கம் இருக்கும், எந்த இடத்தில் விரல் துள்ளும் என்பது உட்பட. வெளியிலிருந்து வரும் பாட்டுக்கு அந்தக் கையைத் தெரியாது. வரிகளை யார் வேண்டுமானாலும் எழுதட்டும் கதிர், எனக்கு அதில் வழக்கே இல்லை. வாசிக்கிற கைக்கு வேலை இல்லாமல் போனால் அப்புறம் குழு எதற்கு? ஒரு நல்ல தொண்டையும் சில கூலி வாத்தியங்களும் போதுமே.

குற்றம் அந்தப் பாட்டுகளிலும் இல்லை. 1995-ல் வந்த 'தி ரோட் ஹோம்' ஆல்பத்தைக் கேளுங்கள். சியாட்டில் மேடையில் பதிவானது, தயாரித்தவர் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ். அதே 'அலோன்', அதே 'தீஸ் ட்ரீம்ஸ்', இம்முறை அக்கூஸ்டிக்காக. நண்பரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 1985 ஆல்பத்தையும் விட்டுவிடாதீர்கள், 'வாட் அபவுட் லவ்'வில் ஆன் குரலை உயர்த்தும் இடத்துக்காகவாவது.