நாலாவது பாடம் எதை எடுப்பது?

கேள்வி: மகள் தமிழ் மீடியத்தில் எஸ்எஸ்எல்சி முடித்துவிட்டாள். பிளஸ் ஒன்னுக்கு ஏகஜாலகத்தில் (கேரளத்தின் ஒற்றைச் சாளரச் சேர்க்கை) போட்டதில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், ஜியாலஜி (நிலவியல்) கிடைத்திருக்கிறது. ஜியாலஜி படித்து என்ன ஆகப்போகிறது, பேசாமல் தமிழ்நாட்டில் கம்பம் ஊரில் மாமா வீட்டில் தங்கி பயாலஜி எடுக்கட்டும் என்கிறார்கள் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில். என்ன செய்யட்டும் டீச்சர்?
- ஒரு தாய், வண்டிப்பெரியாறு

பதில்: முதலில் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் அம்மா, டாக்டருக்கோ பிஎஸ்சி நர்சிங்குக்கோ போக அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று. ஆமாம் என்றால் பயாலஜி கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. அதற்காக உடனே மலை இறங்கிக் கம்பம் போக வேண்டியதில்லை, அலாட்மென்ட் சுற்றுகள் முடிந்தபிறகு பள்ளியையோ பாடத்தொகுப்பையோ மாற்றிக்கொள்ள டிரான்ஸ்பருக்கு விண்ணப்பம் வாங்குவார்கள், இடம் காலியாக இருந்தால் கிடைக்கும், அறிவிப்பு வரும் தேதியைப் பள்ளியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லை என்றால் ஜியாலஜி இருக்கட்டும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் கையில் இருக்கும்போது இன்ஜினியரிங், பாலிடெக்னிக், பிஎஸ்சி எதற்கும் தடையில்லை, பி.பார்ம் கூட பயாலஜிக்குப் பதில் கணிதம் படித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஜியாலஜியிலேயே எம்எஸ்சி வரை போனால் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு இருக்கிறது, 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதில்தான் ஆள் எடுக்கிறார்கள்.

வேலை கணக்கை விடுங்கள். நம் மலையில் பிறந்த பிள்ளை இந்தப் பாடத்தைப் படிப்பது எனக்கு ரொம்பவே முக்கியமாகப் படுகிறது. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் இரவில் மண் சரிந்து லயத்தோடு போனவர்கள் எழுபது பேர், நம் ஜனங்கள். நாள்கணக்கில் மழை பெய்து, பாறைக்கு மேலே இருக்கும் மண் அடுக்கு தண்ணீரைக் குடித்துக் கனத்து, மண்ணுக்குள் சேரும் நீரின் அழுத்தம் பிடிமானத்தைத் தளர்த்தும்போது சரிவு மொத்தமும் நழுவுகிறது. எந்தச் சரிவில் வீடு கட்டக் கூடாது, ஓடையை எங்கே அடைக்கக் கூடாது என்பதெல்லாம் இந்தப் படிப்புக்குள் வருகிற விஷயம். அதைத் தெரிந்து பேச லயத்துப் பிள்ளைகளில் இருந்தே ஆட்கள் வர வேண்டும்.

லேபும் சுவாரசியமானது. எஃகு மாதிரி கறுத்து மின்னும் ஹேமடைட் கல்லை மெருகில்லாத வெள்ளைப் பீங்கான் தகட்டில் இழுத்தால் கோடு செங்காவியாக விழும். கால்சைட் மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும், பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும் குவார்ட்ஸ் சும்மா கிடக்கும். ஏலமலையில் நிறையக் கிடக்கிற சார்னோகைட்டும் சென்னை பரங்கிமலைப் பாறையும் ஒரே இனம் என்று தெரியவந்தால் உங்கள் மகள் வழியில் கிடக்கும் கல்லை எல்லாம் புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு சிரமம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், வகுப்பில் விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில். தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் சில மாதம் திணறல்தான். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகச் சொல்லுங்கள், இந்த விடுமுறையிலேயே. இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்பதையும் அந்தப் பள்ளியில் கேளுங்கள், எல்லா இடத்திலும் கிடையாது.

கேள்வி: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் குரூப்தான் எடுக்க வேண்டுமா?
- பத்தாம் வகுப்பு மாணவன், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: வேண்டாம் தம்பி. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பார்ப்பது கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான். உயிரியலும் கணிதமும் சேர்ந்த முதல் குரூப் எடுத்தால் நீட்டுக்கும் வழி திறந்திருக்கும், ஆனால் படிக்க வேண்டியது மலையாக இருக்கும், உயிரியல் படம் வரையவே எரிச்சல் வருகிறவன் என்றால் அந்தப் பக்கம் போகாதே. கணினி அறிவியல் குரூப்பில் பைத்தான் முன்கூட்டியே கைப்பழகும், அது நல்ல லாபம். உயிரியல் இல்லாமல் பிளஸ் டூ முடித்தாலும் பிறகு அதைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட போர்டில் எழுதி நீட்டுக்குப் போகலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது, ஆகவே இப்போதே பயந்து முடிவெடுக்காதே.

கேள்வி: பத்து வரை கேரளத்தில் படித்த என் பெண்ணை பிளஸ் ஒன்னுக்கு மட்டும் கம்பம் அரசுப் பள்ளியில் சேர்த்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மெடிக்கல் சீட் கிடைக்குமா?
- ஒரு தந்தை, குமுளி

பதில்: கிடைக்காது அண்ணே. ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. எல்லையில் இருக்கிற நம் வீடுகளில் இதைத் தெரியாமல் கடைசி இரண்டு வருடத்துக்கு ஊர் மாற்றிவிட்டு அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. அந்த ஒதுக்கீட்டுக்காக மட்டும் என்றால் மாற்ற வேண்டாம். தமிழில் படித்தால் பெண் நன்றாகப் படிப்பாள் என்று நினைத்தால் மாற்றுங்கள், அது நியாயமான காரணம். அப்படியானால் மாற்றுச் சான்றிதழோடு சாதி, இருப்பிடச் சான்றுகள் எந்த மாநிலத்துத் தாலுகா அலுவலகத்தில் வாங்க வேண்டியிருக்கும் என்பதைப் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அப்புறம் டிசி வாங்குங்கள்.