லாரிக்குப் பெரிய டயர் போட்டபின் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, காசு செலவழித்துச் சரி செய்யத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: 2018 மாடல் ஆறு சக்கர வண்டி. 9.00-20 டயரைக் கழற்றிவிட்டு 10.00-20 போட்டிருக்கிறீர்கள். வேகம், கிலோமீட்டர் இரண்டுமே குறைவாக விழுகிறது. மீட்டர் கடையில் காசு கேட்கிறார்கள், தேவையா என்று யோசிக்கிறீர்கள். ஏற்கெனவே ஒருவர் "மூணு பர்சென்ட்தானே, விட்டுத் தள்ளுங்க" என்று பதில் போட்டிருக்கிறார். அவர் பதில் கண்ணில் படாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் படுக்கப் போயிருப்பேன்.

அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை. புது 9.00-20 டயரின் குறுக்களவு சுமார் 1,019 மில்லிமீட்டர், 10.00-20க்கு சுமார் 1,054. வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்குள்தான். ஆனால் மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மீட்டரில் 5,800 ஏறும். மைலேஜ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 40 லிட்டர் டீசலுக்கு நோட்டில் கணக்கு இருக்காது. நீங்களே ஸ்டீயரிங் பிடிக்கும் ஆள் என்றால் பரவாயில்லை, விட்டுத் தள்ளுங்கள். சம்பளத்துக்கு டிரைவர் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் லாரி ஷெட்டு, அப்பா விட்டுப்போன தொழில், இப்போது இரண்டு வண்டி. எனக்குத் தெரிந்ததெல்லாம் டிரிப் ஷீட்டும் டீசல் பில்லும் கூட்டிக் கழிப்பதும்தான்.

2017இல் எங்களிடம் 2005 மாடல் பத்து டயர் வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கேபிள் மீட்டர். தூத்துக்குடியிலிருந்து உரமோ உப்போ ஏற்றி வந்து திண்டுக்கல், தேனி, ஒட்டன்சத்திரம் என்று எங்கே லோடு இருக்கிறதோ அங்கே இறக்குவோம். டிரைவர் அப்பா காலத்து ஆள். பதினான்கு வருஷம் எங்கள் வண்டிதான் ஓட்டினார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

ஒரு நாள் காரியாபட்டி தாண்டி ஹவுசிங்கில், அதாவது பின் அச்சின் கூட்டில், சத்தம். பிரித்துப் பார்த்தால் கிரவுன் பினியன், பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி, பல் போயிருந்தது. புதுசு வாங்கக் கையில் காசு இல்லை. காயலாங்கடையில் நல்ல நிலையில் ஒரு செட் கிடைத்தது. பல் கணக்கில் பழையது 41க்கு 6, வந்தது 41க்கு 7. "இழுவை கொஞ்சம் குறையும், ஓட்டம் நல்லா இருக்கும், நாலு வழிச்சாலைக்கு இதுதான் தோது" என்றார் மெக்கானிக். பொய் இல்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது.

அவர் சொல்லாததும் நான் கேட்காததும் ஒன்று உண்டு. மீட்டர் கேபிள் கியர் பாக்ஸின் வாலிலிருந்து வருகிறது. அதற்குப் பின்னால் ஹவுசிங்குக்குள் நடப்பது மீட்டருக்குத் தெரியாது. முன்பு புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் தண்டு, 41 சுற்று சுற்றினால் சக்கரம் 6 சுற்று சுற்றும். இப்போது 7 சுற்று. மீட்டர் பழைய கணக்கிலேயே 6 என்று எழுதிக்கொண்டிருந்தது. அதாவது வண்டி 70இல் போனால் முள் 60இல் நிற்கும். 7 கிலோமீட்டர் ஓடினால் 6 ஏறும்.

அந்த மாதக் கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். மீட்டரில் 4,800 கிலோமீட்டர். டீசல் 1,333 லிட்டர். எப்போதும் 4 கொடுக்கும் வண்டி 3.6 கொடுத்திருக்கிறது. 1,200 லிட்டரில் முடிய வேண்டியதற்கு 133 லிட்டர் கூடுதல். அப்போது டீசல் லிட்டர் அறுபது ரூபாய் பக்கம். கிட்டத்தட்ட 8,000 ரூபாய். உண்மையில் வண்டி ஓடியது 5,600, மைலேஜ் 4.2. முன்பைவிட நன்றாகவே கொடுத்திருக்கிறது! அதைச் சொல்ல வேண்டிய மீட்டர் சொல்லவில்லை.

இதில் என்னை இன்றைக்கும் குடைவது, அந்த அண்ணன் முன்கூட்டியே சொன்னார் என்பதுதான். "தம்பி, 60ல போறப்பவே வண்டி பறக்குற மாதிரி இருக்கு, பிரேக்கு கொஞ்சம் முன்னாடியே மிதிக்க வேண்டியிருக்கு" என்றார். புது கிரவுனைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை, "தூத்துக்குடி போய் வந்தா 280 காட்டும், இப்ப 240தான் காட்டுது, மீட்டரைக் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "மீட்டரையும் கழட்டி விட்டுட்டு ஓட்டுறீங்களா?"

டீசல் எடுத்து விற்கிறவன் கிலோமீட்டரைக் கூட்டித்தானே காட்டுவான்? குறைத்துக் காட்டி அவனே மாட்டிக்கொள்வானா? மூன்றாவது படிக்கும் பிள்ளை கேட்கும் இந்தக் கேள்வி எனக்கு அன்று உதிக்கவில்லை.

மாதக் கடைசியில் நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாண்டி கோயில்ல வந்து சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன் தம்பி, ஒரு லிட்டர் வெளிய போகலை" என்றார். "சத்தியத்தை ஊத்தி வண்டி ஓட்ட முடியாதுண்ணே" என்றேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பாக்கி பேட்டாவைக்கூடக் கேட்கவில்லை.

டீசல் திருடும் டிரைவரே கிடையாதா என்று கேட்கச் சிலர் வருவீர்கள். உண்டு. நானே கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அதனால்தானே அன்று அவ்வளவு சுலபமாக வாய் வந்தது.

அடுத்து ஓர் இளவட்டம் வண்டி ஏறினான். அவனுக்கும் 3.6. சம்பளத்தில் 3,000 பிடித்தேன். அடுத்த மாதமும் அதே 3.6, இன்னொரு 3,000. எல்லாப் பயலும் ஒரே ரகம் என்று முடிவு கட்டிவிட்டேன். அவனும் போனான்.

மூன்றாவது ஆளோடு ஒரு வசூல் வேலையாக விருதுநகருக்கு நானே கேபினில் ஏறிப் போனேன். கள்ளிக்குடி தாண்டியிருக்கும். போனில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. அதில் 70. நிமிர்ந்து பார்த்தால் முள் 60. போன்தான் கிறுக்குப் பிடித்துப் பேசுகிறது என்று நினைத்து, சாலையோரக் கிலோமீட்டர் கல்லை எண்ணச் சொன்னேன். பத்தாவது கல் வந்தபோது மீட்டரில் எட்டரைதான் ஏறியிருந்தது. வசூலுக்குப் போனவன் அந்தக் கடையில் என்ன பேசினேன், எவ்வளவு வாங்கினேன் என்று எனக்கு நினைவே இல்லை.

மறுநாள் ஒரு மீட்டர் கடைக்குப் போனேன். வயசானவர், காதோரம் பென்சில். வண்டியைப் பார்க்கவே இல்லை. "ஹவுசிங்ல கை வச்சீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். "41க்கு 7ஆ? அப்ப ஆறுக்கு ஏழு அடிக்குது" என்று பீடிக்கட்டின் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 60க்குப் பதில் 70 வருகிற அதே கணக்கு.

அவரிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உங்களுக்கும் தேவைப்படும். கேபிள் மீட்டரில் முள் வேறு, கிலோமீட்டர் எண் வேறு. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும், அது ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள் கம்பி அதைப் பிடித்து நிறுத்தும், அதுதான் முள். கிலோமீட்டர் எண் பல்சக்கரத்தில் நேராக ஓடுகிறது. சில கடைகளில் முள்ளை மட்டும் கழற்றித் தள்ளி வைத்து, "பாருங்க, 70 காட்டுது" என்று அனுப்பிவிடுவார்கள். கிலோமீட்டர் பழையபடி குறைவாகத்தான் விழும். நம் கணக்கு நோட்டு ஓடுவது முள்ளை வைத்தா, எண்ணை வைத்தா? அதனால் சரி செய்வது என்றால் கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையே மாற்ற வேண்டும். கியர் பாக்ஸில் கேபிள் செருகும் இடத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். எங்கள் வண்டியில் அதற்கு 14 பல். பவுடர் டப்பா நிறைய வைத்திருந்த பழைய சக்கரங்களைக் கொட்டிக் கிளறி, 12 பல் உள்ள ஒன்றை எடுத்துப் போட்டார். 14க்கு 12, அதாவது 7க்கு 6. முடிந்தது. கேபிளுக்கு கிரீஸ் உட்பட 1,100 ரூபாய்.

உங்கள் வண்டியில் கேபிள் இருக்காது. சென்சார் தரும் துடிப்பை எண்ணித்தான் மீட்டர் வேகம் சொல்லும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண் உள்ளே பதிந்திருக்கும், அதை டயருக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். சில மீட்டர்களுக்குப் பின்பக்கம் சின்ன சுவிட்சுகள் உண்டு, சிலவற்றுக்குக் கம்பெனி சர்வீஸில் லேப்டாப் மாட்ட வேண்டும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே திருத்தும் பெட்டி ஒன்று போடுவார்கள்.

காசு கொடுக்கும் முன் நீங்களே அளந்து பாருங்கள். வழக்கமான லோடோடு, காற்று சரியாக வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஐந்து சுற்று உருட்டி டேப் பிடியுங்கள். 10.00-20க்கு ஒரு சுற்று 3.2 மீட்டர் பக்கம் வரும். அப்புறம் நாலு வழிச்சாலையில் பத்து கல் ஓட்டிக் கிலோமீட்டரைப் பாருங்கள். வேகத்துக்கு, முள்ளை ஒரே இடத்தில் வைத்து ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். 3,600ஐ அதால் வகுத்தால் நிஜ வேகம். 60 விநாடி என்றால் 60, 72 விநாடி என்றால் 50.

ஏன் அளக்கச் சொல்கிறேன் என்றால், கம்பெனி மீட்டரின் முள் பெரும்பாலும் இரண்டு மூன்று கூடுதலாகவே காட்டும். ஐ.நா. வாகன விதி 39இன்படி முள் நிஜ வேகத்துக்குக் கீழே காட்டக் கூடாது, கொஞ்சம் மேலே காட்டலாம். அதனால் பெரிய டயர் போட்டபின் உங்கள் முள் தற்செயலாகச் சரியாகவேகூட இருக்கலாம். கிலோமீட்டர் எண்ணில் அப்படிக் கூடுதல் வைப்பதில்லை, அதில்தான் அடி விழும். இன்னொன்று, டயர் தேயும். புது டயருக்கும் மொட்டை டயருக்கும் குறுக்களவில் 25 மில்லிமீட்டர் வரை போய்விடும், அதுவே இரண்டு சதவீதத்துக்கு மேல். பாதி தேய்ந்த டயருக்குத் தகுந்தபடி துடிப்பு எண்ணை வைத்தால் இரண்டு பக்கமும் பெரிய தப்பு வராது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மறக்காதீர்கள். 2015 அக்டோபர் முதல் தயாரான சரக்கு வண்டிக்கு 80இல் கட்டுப்பாடு. அது பெரும்பாலும் இதே சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது. உங்களுக்கு 83இல் கட்டாகும், பெரிய விஷயமில்லை. என் வண்டி மாதிரி கிரவுன் மாறிய வண்டியாக இருந்தால் 93 வரை விட்டுவிடும். லோடு வண்டி 93இல்!

ஜி.பி.எஸ். போட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு: நானும் போட்டிருக்கிறேன். நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் கருவி போடிமெட்டு வளைவுகளில் குறுக்கே வெட்டிப் போகும். அங்கே அதுவும் குறைத்துத்தான் காட்டும். அப்புறம், டயர் சைஸ் மாற்றியதே தப்பு என்று வருபவர்களுக்கு: அது கம்பெனி அனுமதித்த அளவா என்று கேள்வி கேட்டவர் பார்த்துக்கொள்வார், ஆர்.டி.ஓ. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுச் சோதனையில் பார்ப்பார். ஓட்டத்தைப் பின்னோக்கித் திருப்பி விற்கும் வேலையையும் நான் சொல்லித் தரவில்லை. ஏற்கெனவே ஏறியிருக்கும் கிலோமீட்டரில் கை வைக்காதீர்கள். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் இருந்தபோது திருத்தம் செய்தது என்று பில்லில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.

அளவு என்று பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். எடை மேடைக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்கிறார்கள். வைத்து என்ன பயன்? போன வருஷம் ஒரே லோடு, ஏற்றிய இடத்து மேடையில் ஓர் எடை, வழியில் நிறுத்திப் போட்ட மேடையில் 400 கிலோ கூட. தார்ப்பாய் நனைந்ததா, மேடை கோணலா, எனக்குத் தெரியாது. ஓவர்லோடு என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம். மேடைக்காரன் தப்புக்கு மேடைக்காரன் கட்டுவானா? வண்டிக்காரன்தான் கட்டுவான். ஏற்றி அனுப்பிய வியாபாரி போனை எடுக்க மாட்டார். சரி, இது வேறு கதை.

மீட்டர் சரியான அன்று சாயங்காலமே செக்கானூரணிப் பக்கம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். வேறொருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், லீவில் வந்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பேட்டா பாக்கியை நீட்டினேன், வாங்கித் திண்ணையில் வைத்தார். திரும்ப வாங்கண்ணே என்றதற்குப் பதிலே இல்லை. "எனக்கு அடுத்து வந்த பையன்கிட்ட காசு பிடிச்சீங்களாமே தம்பி, அதைக் குடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் கொடுத்திருக்கவில்லை. சொல்லப்போனால் அந்தப் பையனின் ஞாபகமே எனக்கு வரவில்லை.

மறுநாள் அவனைத் தேடிப் பிடித்து 6,000 கொடுத்தேன். எண்ணிப் பார்த்துக்கொண்டான், ஒன்றும் பேசவில்லை.

மீட்டர் கடையில் உங்களிடம் எவ்வளவு கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஆனது 1,100.