ஒரே நேரத்தில் இரண்டு வேலை

கேள்வி: பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பணிபுரியும் நான், வேறொரு நிறுவனத்திலும் அதே நேரத்தில் முழுநேர ஊழியராக இருக்கிறேன். இரு வேலைகளையும் குறையின்றி முடித்துத் தருகிறேன். இதில் என்ன தவறு?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை.

பதில்: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரட்டை வேலைக்கு விதித்த தடை தொழிற்சாலைத் தொழிலாளர்களை மனத்தில் கொண்டது, உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் கையெழுத்திட்ட பணி ஒப்பந்தமே. அதில் வேறு வேலை கூடாது என்றிருந்தால், வேலையில் குறை வைக்கவில்லை என்ற வாதம் எடுபடாது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி 300 பேரை விப்ரோ பணிநீக்கம் செய்தது 2022இல்தான்.

மறைப்பதும் எளிதல்ல. இரு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதி செலுத்தினால் இரண்டும் யுஏஎன் எனப்படும் உங்கள் ஒரே வைப்பு நிதி அடையாள எண்ணின்கீழ் வந்து நிற்கும். ஒரே மாதத்துக்கு இரண்டு வரவுகள் இருப்பதை அடுத்த வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பில் எவரும் கண்டுபிடித்துவிடலாம். வரியிலும் சிக்கல் உண்டு: ஒருவரையொருவர் அறியாத இரு முதலாளிகளும் தனித்தனியே நிலைக்கழிவு (சம்பளத்தில் வரியின்றிக் கழிக்கப்படும் நிலையான தொகை) தந்து குறைவாகவே வரி பிடிப்பார்கள், கணக்குத் தாக்கலின்போது பாக்கி வட்டியோடு உங்கள் தலையில் விழும் (கூடுதல் சம்பளத்தைச் செலவழித்திருந்தால் அப்போது தெரியும் வலி).

ஸ்விக்கி போன்ற சில நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் பணிக்கு முன் அனுமதி தரும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்தன. உங்கள் நிறுவனத்தில் அத்தகைய விதி இருந்தாலும் ஒரே நேரத்து முழுநேர வேலைக்கு அது பொருந்தாது. ஆகவே, ஒன்றிலிருந்து முறைப்படி விலகுங்கள்.