லாயத்தில் விட்ட குதிரைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்க விட்ட என் குதிரை, லாயத்தில் இற்றுப்போன கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கம்பிவேலியில் காலைக் கிழித்துக்கொண்டது. 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று வாசலில் பலகை உள்ளது. நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பிறர் உடைமையைப் பராமரிக்க ஏற்றவர், விவேகமுள்ள ஒருவர் தம் சொந்த உடைமையைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. ஆகவே பலகையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அறுந்த கயிற்றின் நைந்த நுனியைப் பத்திரப்படுத்துங்கள், கால்நடை மருத்துவரின் சான்றிதழும் கட்டண ரசீதுகளும் அவசியம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. வாயில்லா ஜீவன் பட்ட வேதனைக்கு எந்தத் தொகையும் ஈடாகாதுதான். அது வழிப்போக்கர் எவரையேனும் உதைத்திருந்தால், அதை அலட்சியமாக வைத்திருந்தவர்மீது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகியிருக்கக்கூடும். 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.