குலசேகரம் ரப்பர் தோட்ட விடுதியை எப்படிப் படமெடுப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டக் குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு விடுதியாகியிருக்கிறது. நாசிக் திராட்சைத் தோட்ட விடுதிகளின் படங்களைக் காட்டி, ‘இதே மாதிரி வேண்டும்’ என்கிறார் உரிமையாளர். எப்படி எடுப்பது?

இந்தப் பக்கத்து விடுதிகளைப் படமெடுப்பதுதான் என் பிழைப்பு. ரப்பர் தோட்டத்துக்குள் நின்று நாசிக் மாதிரிப் படம் எடுக்க முடியாது. முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒயின் திராட்சையைக் கம்பிகளில் ஆள் உயரத்துக்குத்தான் படரவிடுகிறார்கள். சற்று மேட்டில் நின்றாலே வரிசைகள் அடிவானம் வரை தெரியும். ரப்பரில் நாம் நிற்பதே இலைக் கூரைக்கு அடியில். உச்சி வெயிலில் தரையெல்லாம் வெள்ளைத் திட்டுகள் விழும். விடிந்த முதல் ஒரு மணி நேரம், மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து நுழையும்போது எடுங்கள். இருட்டிலேயே பால்வெட்டத் தொடங்கியவர்கள் அப்போதும் தோட்டத்தில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பிறகு நிதானமாக எடுக்கலாம்.

வானம் தெளிந்த ஜனவரிதான் நல்லது என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ரப்பர் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் காலம் அது. ஜூன், ஜூலை சாரலில் வாருங்கள். மழை விட்ட இடைவெளிகளே போதும். மேகமூட்டத்தில் இருண்ட அறைக்கும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறையும். ஈர இலைகளின் கண்கூசும் பளபளப்பை, லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் தணிக்கும்.

தேக்கும் பலாப் பலகையும் வெளிச்சத்தை விழுங்கும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, கேமராவை டிரைபாடில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒன்று, அறை இருட்டுக்கு ஒன்று என வெவ்வேறு எக்ஸ்போஷரில் (ஒளி அளவில்) எடுத்து இணையுங்கள். கேமரா நெஞ்சுயரத்தில் மட்டமாக இருந்தால் தூண்கள் சாயாது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 24 மி.மீ.க்குக் கீழே, அதைவிட அகலமான லென்ஸுக்குப் போகாதீர்கள். அறை மண்டபமாகத் தெரியும், வருகிறவர் சண்டைக்கு நிற்பார். முகப்பை மட்டும் சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள், திண்ணை விளக்குகள் எரிய எடுங்கள்.

உரிமையாளர் கேட்கும் அந்த உயரமான காட்சிக்கு, கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது. பறளியாற்றின் குறுக்கே 1966இல் கட்டி முடித்தது, உயரம் 115 அடி. ட்ரோன் இல்லாமலே மரங்களின் தலைக்கு மேலிருந்து பார்க்கலாம்.

கன்னியாகுமரிச் சூரிய உதயத்தையும் சேர்க்கச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். விடுதியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஜன்னலைத் திறந்தால் கடல் என்று நம்பி அறை எடுத்தவர்கள் விடுதியைத்தான் திட்டி எழுதுவார்கள்.