அந்த நர்சம்மா ஏன் சம்பளம் கேட்கவில்லை?

கேள்வி: என் பாட்டியின் அக்கா 1920களில் வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார், சம்பளம் என்று வாய் திறந்ததே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். இன்று நர்ஸ்கள் கோஷம் போட்டுச் சம்பளம் கேட்கிறார்கள். அந்தத் தியாக உணர்வு எங்கே போயிற்று? பிளஸ் டூ முடித்த என் மகள் நர்சிங்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். சேர்க்கலாமா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: உங்கள் பாட்டியின் அக்காவை மனதார வணங்குகிறேன். ஆனால் அவரைக் கொண்டுவந்து இன்றைய நர்ஸ்களுக்கு எதிரே நிறுத்துகிறீர்களே, அதை ஏற்க முடியாது. அவர் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். திறந்திருந்தால் காது கொடுக்க யார் இருந்தார்கள்?

உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் வேலூரையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-ல் அங்கே 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தார். முதல் ஆபரேஷனுக்கு அவருக்கு உதவியாக நின்றவர் வீட்டில் வேலை பார்த்த பட்லரின் மனைவி சலோமி. நர்சிங் பள்ளி எதிலும் படித்தவர் அல்ல. கூடவே நின்று கற்றுக்கொண்டவர். நர்ஸ் பயிற்சி அங்கே தொடங்கியதே 1909-ல்தான். அதே ஆண்டில் ஒரு சிறிய பெஷோ காரும் வந்து சேர, குடியாத்தம் சாலையோரம் காத்திருந்த ஜனங்களுக்கு மரத்தடியிலேயே வைத்தியம் நடந்தது. ஐடா ஸ்கடரின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும், தெரியத்தான் வேண்டும். அந்த மரத்தடிகளில் சீழ் துடைத்துக் கட்டுப் போட்ட கைகளில் எத்தனை பேரின் பெயரை நாம் சொல்ல முடியும்?

அந்த வேலைக்கு அன்று யார் வந்தார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். வாழ்க்கைக்கு வேறு வழியில்லாத இளம் விதவைகள். மலமும் ரத்தமும் அள்ளுகிற வேலை, யார் எந்தச் சாதி என்று பார்க்காமல் தொட வேண்டிய வேலை என்று ஊர் முகம் சுளித்தது. வார்டுகளைத் தாங்கியவர்களோ பயிற்சிக்கு வந்த மாணவிகள். சோறு, தங்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. அதற்கு ஈடாகப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. லண்டனிலும் நியூயார்க்கிலும் அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் இப்படித்தான் ஓடின. வெளியே போகத் தலைமை நர்ஸான மேட்ரனின் அனுமதி வேண்டும். கல்யாணம் ஆனால் பல இடங்களில் வேலையை விட வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் ஒரு பெண் சம்பளம் பேசாமல் இருந்ததற்குத் தியாகம் என்று நாம் பெயர் வைத்துவிட்டோம்.

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. தியாகம், பொறுமை, கருணை என்று புகழ்ந்து புகழ்ந்து, அவர்களுடைய தொழில் அறிவைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டோம். டைபாய்டு நோயாளியை நினைத்துப் பாருங்கள். குளோராம்பெனிகால் மாத்திரை 1940களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் அந்தக் காய்ச்சலுக்கு மருந்து என்று சொல்ல ஒன்றும் கிடையாது, கிடைத்தது நர்ஸ்தான். மூன்று வாரம், நாலு வாரம் காய்ச்சல் அடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கை, கால், முதுகு என்று ஒவ்வொரு பாகமாகத் துடைக்க வேண்டும். கஞ்சித் தண்ணீர், பார்லித் தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மூன்றாவது வாரம்தான் கண்டம். நடுராத்திரியில் காய்ச்சல் சட்டென்று இறங்கும். நோயாளியின் வீட்டார் கும்பிட்டு சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்ப்பாள். நாடி வேகமாக ஓடுகிறது, வயிறு பலகை போல இறுகியிருக்கிறது என்றால், குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அவளே கண்டுபிடித்து டாக்டரை எழுப்ப வேண்டும். இதைப் பொறுமை என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியுமா?

டியூட்டி அதோடு முடியாது. ஊசி ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியும் சாமான் அல்ல. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்து, மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டி, துளை அடைக்காமல் உள்ளே மெல்லிய கம்பியைச் செருகி வைப்பார்கள். கட்டுத் துணியில் ரத்தக் கறை போகப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, கொதிக்க வைத்து, காயப்போட்டு, மறுபடி சுருட்டி அடுக்க வேண்டும்.

பேசாமல் இருந்ததால் நாட்டுக்கு என்ன லாபம் வந்தது? சென்னை மாகாணத்தில் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் பதிவுச் சட்டம் 1926-ல் வந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷம் கழித்து, 1946-ல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான கமிட்டி அறிக்கை கொடுத்தபோது, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குக் காட்டியது. வேலையும் தங்குமிடமும் கூலியும் அவ்வளவு மோசமாக இருந்தால் பெண்கள் எப்படி வருவார்கள்? வராததால் செத்தவர்கள் நம் கிராமத்து ஜனங்கள்.

இன்றைக்கு வருவோம். அரசுத் தேர்வு எழுதித் தேறி, 2015-ல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பணி நிரந்தரம் செய்யுங்கள் என்று கேட்டார்கள். 7,700 ரூபாயில் ஆரணியிலேயே ஒரு குடும்பம் நடத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம். தனியார் நிலவரமும் சொல்லும்படி இல்லை. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த கமிட்டி, 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது. உங்கள் ஊரில் எந்த நர்ஸிங் ஹோமில் அது நடக்கிறது என்று விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பெயர் கேட்க மாட்டேன்.

மகளைத் தாராளமாகச் சேருங்கள். அவளாக ஆசைப்பட்டுக் கேட்கிறாள், தடுக்காதீர்கள். ஆனால் கட்டிடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்க வேண்டாம். கல்லூரிக்கு மாநில, இந்திய நர்சிங் கவுன்சில்களின் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மாணவிகள் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரி எது, அதில் நிஜமாகவே நோயாளிகள் படுத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கடைசி வருஷ மாணவிகள் இரண்டு பேரிடம் மகளையே தனியாகப் பேச விடுங்கள். ராத்திரி டியூட்டியில் கூட நின்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா, அல்லது ஆள் பற்றாக்குறைக்கு மாணவிகளை நிறுத்திவிடுகிறார்களா என்று அவள் கேட்கட்டும். இரண்டாவது பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.