தண்ணீர் பாட்டிலில் களைக்கொல்லி: எங்கே வைப்பது?

கேள்வி: வீட்டைச் சுற்றிக் கோரையும் அருகும் மண்டிவிட்டன. உரக்கடையில் கேட்டதும் பெரிய கேனிலிருந்து கால் லிட்டர் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார், பில் கிடையாது. பாதி அடித்தேன், மீதி அடுப்படி சிங்க் அடியில் இருக்கிறது. நான்கு வயதுப் பேத்தி வீட்டில் ஓடியாடுகிறாள். எப்படிப் பத்திரப்படுத்துவது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, முதலில் எழுந்துபோய் அந்தப் பாட்டிலை அங்கிருந்து எடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். அதன் மேல் பெயரையும் ‘விஷம்’ என்பதையும் பெரிதாக எழுதி ஒட்டி, சமையலறைக்கு வெளியே, பூட்டுகிற பெட்டியில் வையுங்கள். வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டாம். சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றவும் வேண்டாம். விற்ற கடைக்காரரையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறுத்தால் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்.

நாம் இதையெல்லாம் ‘மருந்து’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். தாத்தா செடிக்கு மருந்தடிக்கிறார், பாட்டி காய்ச்சலுக்கு மருந்து தருகிறார், குழந்தைக்கு இரண்டும் ஒரே சொல்தானே? அதுவும் தண்ணீர் பாட்டிலில் இருந்தால் பெரியவர்களே தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

கடைக்காரர் செய்தது தவறு. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கியவர், சீல் பிரிக்காத பொதியில், லேபிளும் துண்டுப்பிரசுரமுமாகத்தான் விற்க வேண்டும். லேபிளில் சாய்சதுரம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், நஞ்சு குறைவு, அவ்வளவுதான். பாட்டிலில் ஊற்றும்போதே இந்தத் தகவல் எல்லாம் போய்விடுகிறது. பில்லும் இல்லையென்றால் நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லக்கூட கையில் ஆதாரம் இருக்காது.

இன்னொன்று, கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமதாரர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. வீட்டு வாசலில் நாமே கலக்கி அடிக்கிற சரக்கு இல்லை இது. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுத்துப் பாருங்கள். கோரை இரண்டு மூன்று தடவை முளைக்கும், விடாமல் எடுத்தால் அடங்கும்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அந்தப் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.